உயிரியல் குரூப் யாருக்கு?

ஒவ்வோர் ஆண்டும் நீட் முடிவு வரும்போது நம் பிள்ளைகள் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கிறோம். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் எத்தனை பேருக்கு உயிரியல் குரூப் கிடைத்தது என்று கேட்பதில்லை. முதல் கதவு அங்கேதான் சாத்தப்படுகிறது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் சேரியிலிருந்து பத்தாம் வகுப்பு தேறி மேல்நிலைப் பள்ளியில் சேரப் போனவர்கள் நாங்கள் ஆறு பேர். மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் சாதிச் சான்றிதழைத்தான் பார்த்தார்கள். "தேர்டு குரூப் எடுங்க, பாஸாவது பண்ணலாம். சயின்ஸ் குரூப்புன்னா டியூஷன் வைக்கணும், உங்க வீட்ல முடியுமா?" கேட்பதற்கு அக்கறை போலத்தான் இருந்தது. எங்களைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கிய ஊர்த்தெருப் பிள்ளைகளிடம் அந்த அக்கறையை யாரும் காட்டவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் நின்றார். கடைசியில் மூன்று பேருக்கு உயிரியல் கிடைத்தது. மற்ற மூவரும் வணிகவியலுக்கும் தொழிற்கல்விக்கும் அனுப்பப்பட்டார்கள்.

உள்ளே போன பிறகும் சுலபமில்லை. விலங்கியலுக்கு ஆசிரியர் இல்லை. தாவரவியல் ஆசிரியரே இரண்டையும் நடத்தினார். நுண்ணோக்கிகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் வெங்காய வேர்நுனியை நசுக்கி, செல் பிரிவதைக் கண்ணால் பார்த்தோம். ரெக்கார்டு நோட்டுக்கும் கலர் பென்சிலுக்கும் ஆகும் செலவை எங்கள் வீடுகளில் அரிசிச் செலவோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தப் பாடம் எங்களுக்குப் பிடித்திருந்தது. இரத்த வகைகள் நடத்திய அன்று ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வகையைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினார். எங்களில் ஒருவனும் ஊர்த்தெருப் பையன் ஒருவனும் பி பாசிட்டிவ். "அப்போ எனக்கு அடிபட்டா உன் ரத்தத்தைத்தான் ஏத்தணுமாடா?" என்று அவன் சிரித்தபடி கேட்டான். வகுப்பு அமைதியானது. ஆசிரியர் பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். சாதி இரத்தத் தூய்மையைக் காக்கிறது என்ற வாதத்தை அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் மறுத்திருக்கிறார் என்று பின்னால்தான் படித்தோம். அந்தக் கரும்பலகை எங்களுக்கு அதை முன்பே காட்டியிருந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்று சொல்கிற சமூகத்தில், பிறப்பு எப்படி நடக்கிறது, மரபணு எப்படிக் கடத்தப்படுகிறது என்று சொல்லித் தரும் பாடம் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும்.

உயிரியல் என்றாலே டாக்டர் படிப்பு மட்டும்தான் என்று நினைக்கிறோம். பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம், பிசியோதெரபி, சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் அறிவியல் படித்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளையை வேறு குரூப்புக்குத் தள்ளிவிட்டால் இத்தனை வழிகளும் ஒரே நாளில் அடைபடுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நல்ல சட்டம். ஆனால் உயிரியல் படிக்காத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

குழுமூர் அனிதாவை நாம் மறக்கவில்லை. 1200-க்கு 1176 எடுத்தும் 2017-இல் நீட் என்ற கதவில் தடுக்கப்பட்டவர் அவர். முதல் கதவிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளோ நம் பேச்சில்கூட வருவதில்லை.

அன்று போன ஆறு பேரில் நாலு பேர் இப்போது சேரியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். ஜூன் மாதம் பெற்றோரோடு பள்ளிகளுக்குப் போகிறோம். தலைமையாசிரியர்கள் பேசும் பேச்சு பெரிதாக மாறவில்லை. இப்போது "நீட் இருக்கே, எதுக்கு இந்த குரூப்பு?" என்பதும் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2018 முதல் நடந்துவந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-இல் அரசு நீக்கிவிட்டது. தேர்வுச் சுமை குறைவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. பாடத்திட்டமோ இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் பொதுத்தேர்வும் இல்லையென்றால் முதலில் கைவிடப்படுவது பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். காசுள்ள வீட்டுப் பிள்ளை அதைக் கோச்சிங்கில் படித்துக்கொள்ளும். நம் பிள்ளை எங்கே போகும்?

எங்கள் கோரிக்கைகள் மூன்று. குரூப் ஒதுக்கீட்டில் மதிப்பெண், விண்ணப்பித்தவர், கிடைத்த குரூப் ஆகியவற்றைப் பள்ளிவாரியாக, சமூகவாரியாக வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி முதுநிலை ஆசிரியர்கள் இருக்க வேண்டும். கேட்ட குரூப்பை மறுத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

மூன்றாவதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஜூனில் உங்கள் பகுதிப் பிள்ளைக்கு உயிரியல் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள். போன ஆண்டு நாங்கள் அப்படிப் போன ஒரு பள்ளியில், எழுதித் தர மறுத்துவிட்டு உயிரியல் குரூப்பைக் கொடுத்தார்கள்.

ஜெய் பீம்.