குழப்படிக்கு முன் என்ன நடந்தது?

ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை வகுப்பில் கதிரையைத் தூக்கி எறிந்தால் பிரம்பு வராது, ஒரு தாள் வரும். எறிவதற்கு முன் என்ன நடந்தது, நேரம் என்ன, பக்கத்தில் யார் இருந்தது, எறிந்ததால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று அதில் நிரப்பவேண்டும். ஸ்காபரோவில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் கிளிநொச்சியில் படித்தவள். அங்கே கதிரை எறிந்தவனுக்குப் பூவரசந்தடி. விசாரணையும் தீர்ப்பும் அதுதான்.

சில வாரத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் கதை பிடிபடும். ஒரு பையன் கணக்குப் பாடம் தொடங்கியதும்தான் எறிவான். எறிந்தால் வெளியே அனுப்புவார்கள். வெளியே கணக்கு இல்லையே! தண்டனை என்று நாங்கள் கொடுத்ததைத்தான் அவன் விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சு வராத பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? அவனுடைய திட்டத்தில் 'எறியக்கூடாது' என்று எழுதவில்லை. கணக்குத் தாளைப் பாதியாக்கிக் கொடு. களைத்தால் மஞ்சள் அட்டையைக் காட்டப் பழக்கு. காட்டினால் உடனே வெளியே விடு. இவ்வளவுதான் எழுதினோம்.

இங்கே விசேட கல்வியைப் பள்ளிச் சபைகளின் கடமையாக்கியது 1980ஆம் ஆண்டுச் சட்டம். சபையின் குழு கூடி, பிள்ளையை எங்கே படிப்பிப்பது என்று தீர்மானித்து, பிள்ளை அங்கே படிக்கத் தொடங்கினால் 30 பள்ளி நாட்களுக்குள் அந்தப் பிள்ளைக்கென்ற கல்வித் திட்டம் எழுதப்படவேண்டும், பெற்றோரையும் கேட்டுத்தான். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் திட்டங்களில் நடத்தைப் பகுப்பாய்வு முறைகளையும் சேர்க்கும்படி 2007இல் கல்வி அமைச்சு பணித்தது. எழுத்தில் எல்லாம் அழகு. உதவியாளர் இல்லை, இன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் பள்ளிகளும் இதே நாட்டில்தான் இருக்கின்றன.

எங்கள் தமிழ் ஆட்களோ திட்டம் பேசும் கூட்டங்களில் வாய் திறப்பது குறைவு. காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்கள், அல்லது பிள்ளைக்கு ஏதோ குறை என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயந்து வைக்கவே மாட்டார்கள். ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, இவையளுக்குத் தெரியாது. நீ ரெண்டு அடி போடு, சரிவரும்" என்றார். இலங்கையிலேயே அடிக்கக்கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டது என்றேன். அவர் நம்பவில்லை.

என் அக்கா இன்னும் கிளிநொச்சியில்தான், தருமபுரம் பக்கம் படிப்பிக்கிறாள். 2009இல் யுத்தம் முடிந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் செட்டிகுளம் முகாம்களுக்குள் போனதில் அவளும் ஒருத்தி. மீள்குடியேறிய காலத்தில் அவள் வகுப்பில் ஹெலி சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை ஒருவரும் குழப்படி என்று சொல்லவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். வன்னிச் சமூகத்தின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதினார். அக்கா அதை வாசிக்காமலே அந்தப் பிள்ளைகளைச் சுவரோரம், தன் பக்கத்தில் இருத்தினாள்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான். யுத்தம் எல்லாவற்றுக்கும் விடையாகிவிட்டது. கத்துகிற பிள்ளையா, தாய் பங்கருக்குள் பயந்தவள். பேசாத பிள்ளையா, தகப்பன் காணாமல் போனவர். யுத்தம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் இதே விளக்கம். அவ்வளவு பெரிய காரணம் கையில் இருக்கும்போது சின்னக் காரணத்தை யார் தேடுவது? மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சேர்த்த பிள்ளை கத்தினால் என்ன செய்வது? அந்தக் கேள்வி அக்காவின் தலையில்தான். வைத்தியரிடம் காட்டுவதென்றால் தாய் பரந்தன் வந்து பஸ் மாறி யாழ்ப்பாணம் போகவேண்டும். அன்றைய கூலி போய்விடும்.

போன வருடம் அப்படியொரு பையனைப் பற்றி அக்கா வாட்ஸப்பில் கேட்டாள். நிரப்பாத தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். கொப்பியில் நான்கு கோடு கீறி எழுதத் தொடங்கினாள். மூன்றாம் கிழமை தொலைபேசியில், "எடி, இவன் கத்திறது எல்லாம் பாடம் மாறேக்கைதான்" என்றாள். பாடம் மாறும்போது அடிக்கும் அவர்களின் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அது தொங்குவது அந்த வகுப்பு யன்னலுக்கு நேரே உள்ள மரத்தில். அக்கா கொப்பியில் எழுதத் தொடங்குவதற்கு முன் பையனின் தாயும் மாமியும் நேர்த்திக்கடன் வைத்து, நூல் கட்டி, எல்லாம் செய்து களைத்திருந்தார்கள்.

இப்போது மணி அடிக்க முன்பே அவன் தன் இரண்டு காதையும் பொத்துகிறான். அக்கா சைகை காட்டிப் பழக்கியது. மணியை வேறு மரத்துக்கு மாற்றச் சொல்லி அதிபரிடம் கேட்டிருக்கிறாள். ஒரு பிள்ளைக்காகப் பள்ளிக்கூட மணியை மாற்றுவதா என்று அவர் யோசிக்கிறாராம்.