ஒற்றை முன்பல்

வரும் தையில் கிளினிக்கைத் தம்பி மகளிடம் ஒப்படைக்கிறேன். நாற்காலி, எக்ஸ்ரே, கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கணக்கெழுதி வாங்கிக்கொண்டவள், பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேடு கைடை மட்டும் ஒதுக்கி வைத்தாள். “இது எதுக்குப் பெரியப்பா, ஸ்கேனரே கலர் சொல்லிடும்.” அந்தப் பேச்சுக்குத்தான் இந்தக் கட்டுரை.

காரைக்குடியில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் முக்கால்வாசி பழைய கேள்விகள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடுமா? போகாது, இரண்டுக்கும் வேறு வேறு நரம்பு. க்ளீனிங் செய்தால் பல் ஆடுமா? ஈறு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, காரை போனதும் குட்டு வெளிப்படுகிறது. வேர் சிகிச்சை (ஆர்.சி.டி.) செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அவசியமா? போடாமல் போன ஆச்சிமார்கள் பிளந்த பல்லை வெற்றிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். சீப்புச் சீடைக்கு அந்த வலு உண்டு.

இதற்கெல்லாம் எனக்குச் சலிப்பில்லை. “நல்லா வெள்ளையாப் போட்டுருங்க டாக்டர்” என்பதுதான் ஆகாது. அறுபதாம் கல்யாணத்துக்கு நிற்பவர் வாயில் பள்ளிக்கூடப் பையனின் பல் எப்படிப் பொருந்தும்?

ஒற்றை முன்பல்லுக்குக் கேப் செய்வதுதான் எங்கள் தொழிலில் ஆளைக் கொல்லும் வேலை. ஆறு பல் செய்வது சுலபம், ஆறும் ஒன்றுபோல் இருந்தால் போதும். ஒன்று மட்டும் என்றால் பக்கத்துப் பல் அதைக் காட்டிக்கொடுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். 1980இல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கை பழக்கித் தந்தார்கள். கண் பழகியது மதுரையில், ஒரு லேபின் செராமிக் மாஸ்டரிடம். எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவர். நிறம் ‘ஏ2’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் போனில் பிடித்துக்கொள்வார்: “வீட்டா கைடுல இருக்கறது 16 கலரு சார். ஊருல அத்தனை பேருக்கும் 16 கலர்லயா பல்லு முளைச்சிருக்கு?” படம் வரைந்து அனுப்பச் சொல்வார். ஈறோரம் என்ன நிறம், நடுவில் என்ன, நுனியில் கண்ணாடிபோல் தெரிவது எவ்வளவு அகலம், வெள்ளைப் புள்ளி எங்கே. “ஆளு வெத்தலை போடுவாரா?” என்று கட்டாயம் கேட்பார். போடுபவர் என்றால் மயிரிழை தூரிகையால் பழுப்பில் ஒரு கீறல் இழுத்து, மறுபடி சூளையில் வைப்பார். 900 டிகிரிக்கு மேல் வேகும் பீங்கான் கால்பங்காவது சுருங்கும். அதைக் கணக்கிட்டுப் பெரிதாகவே படியப்படியக் கட்டுவார். ஈறோர மார்ஜினில் கருப்புக்கோடு தெரிந்த பி.எஃப்.எம். (உலோகத்தின்மேல் பீங்கான் சுட்ட கேப்) ஒன்றுகூட அவரிடமிருந்து எனக்கு வந்ததில்லை.

நிறம் பார்ப்பது ஊசிக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், பழைய நிறம் திரும்ப நேரமாகும். லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்லவேண்டும். ஐந்து விநாடி பார்த்துவிட்டுச் சாம்பல் நிறத் துணியைப் பார்த்துக் கண்ணை ஆற்றவேண்டும். முதலில் பல்லின் வெளிச்ச அளவு, பிறகுதான் மஞ்சளா சிவப்பா என்பது. ட்யூப்லைட்டில் பார்க்கவே கூடாது. என் கிளினிக் பழைய வீடொன்றின் முகப்பில் இருந்ததால் பேஷன்டை எழுப்பி வளவுக்குக் கூட்டிப்போவேன். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழாத தூணோரம். அதற்கு ஈடான விளக்கு எந்தக் கம்பெனியிலும் நான் வாங்கவில்லை.

இப்போது கல்யாண ரிசப்ஷனில் ஊதா விளக்கு போடுகிறார்கள். சொந்தப் பல் அதில் நீலம் பாய்ந்து ஒளிரும். மலிவான கேப் ஒளிராது, ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் பல்லே இல்லாததுபோல் விழும். ஸ்கேனர் இதையெல்லாம் சொல்லுமா?

ஜிர்கோனியா உறுதியானதுதான். கடைவாய்க்கு நானும் போடுகிறேன். ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் மெஷின் கடைந்து தருவதை முன்பல்லில் மாட்டி ‘ஸ்மைல் டிசைன்’ என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சொத்தையே இல்லாத பத்துப் பல்லைச் சீவுகிறார்கள். சீவிய எனாமல் திரும்ப வளராது. கேப்புக்கும் ஆயுசு உண்டு. இருபத்தைந்து வயதுப் பெண் தன் காலத்தில் இன்னும் எத்தனை முறை மாற்றவேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. கோணல் என்றால் க்ளிப் போடு, மஞ்சள் என்றால் ப்ளீச் போதும் என்று நான் சொன்னால், “டாக்டருக்கு அப்டேட் இல்லை” என்று எழுந்துபோகிறார்கள்.

ப்ளீச்சுக்கும் முறை இருக்கிறது. அது சொந்தப் பல்லை வெளுக்கும், கேப்பையோ ஃபில்லிங்கையோ தொடாது. ஆகவே ப்ளீச் முதலில், இரண்டு வாரம் பொறுத்து, நிறம் நிலைத்தபின் கேப். தலைகீழாகச் செய்துகொண்டவர்கள், கேப் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்று கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். மாற்றித் தருகிறேன். முதல் பில்லை எங்கே கட்டினீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுத்தான்.