டூர் பஸ்ஸா? தோள்பையா?



அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். கொலராடோ ஆறு பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீட்டர்! அதே மாதிரி ஒன்று, அளவில் ரொம்பச் சின்னது, சென்ட்ரலில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில் இருக்கும் கண்டிக்கோட்டைதான் அது. போன அரையாண்டு லீவில் அங்கே போய் வந்தோம். ஆனால் போவதற்கு முன்னால், எப்படிப் போவது என்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்து நாள் பட்டிமன்றம் நடந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

முதலில் ஊரைப் பற்றி ரெண்டு வரி. அங்கே ஓடுவது பெண்ணாறு. இதுவும், கடலூர் பக்கம் கடலில் கலக்கிற நம்ம தென்பெண்ணையும் கர்நாடகாவில் ஒரே நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. அடையாறு பாலத்தில் நின்றால் ஆறு தரையோடு தரையாகத் தெரியும். கண்டிக்கோட்டையில் ஆறு சுமார் 300 அடி கீழே ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கியது போல சிவந்த பாறைகள். மேலே ஒரு பழைய கோட்டை. அதற்குள் மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் இருக்கின்றன.

இனி பட்டிமன்றம். அண்ணன் காலேஜ் இரண்டாம் வருஷம். "நானும் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் பையைத் தூக்கிட்டுப் போறோம். பாறை ஓரத்துல டென்ட் போடுவோம், ஆத்துக்கு இறங்குவோம். டூர்னா விசில் ஊதி எல்.கே.ஜி. பசங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்" என்றான். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "குரங்கணி."

நம்மில் பலர் அப்போது ரொம்பச் சின்னப் பிள்ளைகள். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் முழுக்க டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னார். "மலைன்னா கூட ஆள் இருக்கணும். நீ தனியாப் போனா எனக்குத் தூக்கம் வராது." அண்ணன் பதில் பேசாமல் கீழே இறங்கிப் போய்விட்டான். இரண்டு நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பாவுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவ் கிடைப்பதே பெரிய விஷயம். "நீ ரெண்டு பக்கமும் விசாரிச்சு எழுதிக் குடும்மா" என்று என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். நெட்டிலும் கோட்டூர்புரம் நூலகத்திலும் தேடினேன்.

குரங்கணியைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே போனவர்கள் தனியாகப் போகவில்லை. ஏற்பாட்டாளர்களுடன், குழுவாகத்தான் போனார்கள். அப்படியானால் "கூட ஆள்" இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆளுக்கு அந்த மலை, அந்தப் பருவம் தெரியுமா, அனுமதி இருக்கிறதா என்பதுதானே கேள்வி? அந்த விபத்துக்குப் பிறகு, அதே 2018-இல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்தபோது, அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கியது.

அண்ணனுக்கும் ஒன்று காட்டினேன். கிராண்ட் கேன்யனில் பையைத் தூக்கிக்கொண்டு போய் கீழே இரவு தங்க பர்மிட் வேண்டும். மேலிருந்து ஆறு வரை இறங்கி அன்றைக்கே திரும்பி ஏற முயற்சிக்காதீர்கள் என்று அந்தப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. சுதந்திரமாகப் போவதற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

பிறகு அப்பாவோடு தி.நகரில் ஒரு டூர் ஆபீஸுக்குப் போனேன்.

"கண்டிக்கோட்டைல எவ்வளவு நேரம் சார்?"

"மத்தியானம் ஒன்றரை மணி நேரம்மா. லஞ்ச்சும் அதுலயே."

"ஆத்துக்கு இறங்குற பாதை தெரிஞ்சவங்க வருவாங்களா?"

"அதெல்லாம் நம்ம லிஸ்ட்ல இல்ல."

மறைக்காமல் சொன்னார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோயில்களையும் குகையையும் சேர்த்து ஓடுகிற பஸ் அது. பள்ளத்தாக்கின் அழகே விடியற்காலையில்தான். அந்த நேரம் அந்த டூரில் கிடையாது.

கடைசியில் நோட்டில் இப்படி எழுதினேன்: கடப்பா வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் ஜம்மலமடுகு, அப்புறம் சுமார் 15 கிலோமீட்டர் ஆட்டோ. இதற்கெல்லாம் யாரும் வழிகாட்ட வேண்டாம். தங்குவது ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஓட்டலில், டென்ட் இல்லை. கோட்டைக்கும் ஆற்றுப் பாதைக்கும் மட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர். ஆற்றுக்கு இறங்கலாமா வேண்டாமா என்பதில் அவர் சொல்வதே முடிவு. இந்தக் கடைசி வரிக்குக் கீழே அம்மாவும் அண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள்!

அந்தக் கையெழுத்துக்கு முதல் நாளே சோதனை வந்தது. எங்களோடு வந்த தாத்தாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டைச் சுவர் இடிந்த இடத்தில் கீழே எட்டிப் பார்த்தார். முந்தின ராத்திரி தூறல். பாறையைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஈ ரோஜு வத்து" என்றார். இன்று வேண்டாமாம். அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "மூணு நாள் லீவ், இவ்வளவு தூரம் வந்து..." என்று ஆரம்பித்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவும் விளக்கவில்லை. கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தவன், பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மாவே அவனை எழுப்பி, "தாத்தா காட்டின இடம் வரைக்கும் நீ மட்டும் போய்ட்டு வா" என்று டார்ச்சைக் கையில் கொடுத்தார். சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை. பத்து நாளில் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. முதல் நாள் அவன் உட்கார்ந்ததால்தான் அது கிடைத்தது.

எனவே நண்பர்களே, எங்கே கிளம்பினாலும் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தப் பகுதி நமக்கே தெரியும்? எந்தப் பகுதியில் தப்பு நடந்தால் திருத்தவே முடியாது? அந்தப் பகுதியை நன்றாக அறிந்தவர் யார்? முதல் பகுதிக்கு உங்கள் கால் போதும். இரண்டாவதற்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு, அவர் "வேண்டாம்" என்றால் கேளுங்கள்.

– +1 'ஆ' பிரிவு மாணவி