மூலைக்கல்லுக்குக் கூலி இல்லை

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து மேட்டுக்காடுகளில் இரண்டு வகை வேலிகளை அடுத்தடுத்துப் பார்க்கலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் கொரங்காடு என்ற மேய்ச்சல் காட்டைச் சுற்றிப் பழைய கிளுவை உயிர்வேலி. அதை ஒட்டியே, கல்கால் நட்டு முள்கம்பி இழுத்த புது வேலி. கிளுவை வேலியில் அங்கங்கே ஓட்டை விழும், ஆனால் அது மொத்தமாகப் படுத்துவிடாது. கம்பி வேலி படுத்தால் ஒரு பக்கம் முழுக்கப் படுத்துவிடுகிறது. அப்படிக் கிடக்கும் வேலிகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்று கண்ணில் படும்: கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூச்சு மங்கியிருக்கலாம், முள் அப்படியே கூராக இருக்கும். மூலைக்கல் தரைமட்டத்தில் முறிந்திருக்கும், அல்லது கட்டுக்கம்பி இற்று உதிர்ந்திருக்கும், அல்லது கேட்டின் தாழ்ப்பாள் நாதாங்கியை எட்டாமல் நிற்க, அந்த இடத்தைக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கும். கம்பி வேலி கம்பியில் கெடுவதில்லை, கம்பியைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடங்களில்தான் கெடுகிறது. ஆனால் வேலி போட நினைப்பவர் விசாரிப்பதும் பேரம் பேசுவதும் பெரும்பாலும் கம்பியைப் பற்றித்தான்.

ஹார்டுவேர் கடையில் அந்தப் பேச்சைக் கேட்கலாம். 12க்கு 12 வேண்டுமா, 12க்கு 14 போதுமா? முதல் எண் ஓடும் கம்பிக்கு, இரண்டாவது முள்ளுக்கு. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 12 கேஜ் என்றால் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் என்றால் 2.03. முள்கம்பிக்கென்றே ஐ.எஸ். 278 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, துத்தநாகப் பூச்சுக்கும் அளவு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இதையெல்லாம் கேட்டு வாங்குகிறார்கள், சரிதான். ஆனால் அதே கடையில், அதே வண்டியில், அந்தக் கம்பியைக் கல்லோடு சேர்த்துக் கட்டுவதற்காகப் பூச்சே இல்லாத கறுப்புக் கட்டுக்கம்பியும் ஏறுகிறது. கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்க வேண்டிய கம்பி அது. வெயிலிலும் மழையிலும் நிற்க வந்ததல்ல. அதன் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் துரு தின்றால் மிஞ்சுவது 0.7. குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது. அதே அளவு துரு 12 கேஜ் கம்பியைத் தின்றால் போவது 15 சதவீதம்கூட இல்லை. தடித்த கம்பிக்குப் பூச்சு கொடுத்து, மெல்லிய கம்பியை வெறுமனே விட்டால் வேலியின் ஆயுள் அந்த மெல்லிய கம்பியின் ஆயுள்தான். கட்டுவதற்கும் பூச்சுக் கம்பியே வாங்கினால் கூடுதல் செலவு மொத்தக் கணக்கில் தெரியவே தெரியாது.

கட்டுக்கம்பியைவிடப் பெரிய விஷயம் மூலை. நடுவில் நிற்கும் கல்லுக்கு அதிக வேலை இல்லை. இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுப்பதால் அது கம்பியைத் தாங்கினால் மட்டும் போதும். மூலைக்கல்லுக்கு அந்தச் சமநிலை கிடையாது. இழை ஒன்றுக்கு 100 கிலோ இழுவை என்று வைத்தால், 5 இழைக்கு ஒரு திசையில் 500 கிலோ, மூலையில் இரண்டு திசையிலும் சேர்த்துக் குறுக்காக 700 கிலோ. கருங்கல் எவ்வளவு பாரத்தையும் தலையில் சுமக்கும், வளைத்தால் ஒடியும். அதன் இழுவலிமை அமுக்கு வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். போதாததற்கு, ஆப்பு அடித்துப் பிளந்த கல்லில் ஆப்புக் குழிகள் ஒரே கோட்டில் ஓடுகின்றன, விரிசல் ஓட வழி முன்பே போட்டு வைத்ததுபோல. இதற்கெல்லாம் மருந்து முட்டுக்கல். கம்பி ஓடும் திசையிலேயே, வேலிக் கோட்டுக்குள், கல்லின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் காடி வெட்டி அதில் தலையைப் பொருத்தி, அடியில் ஒரு தட்டைக்கல் வைத்து ஊன்ற வேண்டும். மூலைக்கு இரண்டு முட்டு, திசைக்கு ஒன்று. களத்தில் பார்த்தவற்றில் பல, மூலைக்கு ஒரே முட்டு, அதுவும் அப்போதுதான் தோண்டி மூடிய மண்மேல். மழை பெய்ததும் அது இறங்கிவிடும். முட்டின் அடியைக் கல்லுக்கு மிக அருகில் செங்குத்தாக வைத்தால் இன்னும் மோசம், அது கல்லை மேல்நோக்கி நெம்பிப் பிடுங்கும். உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கமும் உண்டு. 20 பாகை குளிர்ந்தால் 100 மீட்டர் கம்பி 24 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். அதற்கு வழி இல்லாவிட்டால் இழுவை ஏறும், ஏறிய இழுவை நேரே மூலைக்குத்தான் போகும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், ‘ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யறதில்லீங்க’ என்பது. நான் பார்த்தவரை இது நியாயமான பதில் இல்லை. கடப்பாரையில் கம்பியைச் சுற்றி நெம்பி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கையாலேயே கணிக்கும் ஆட்களுக்கு மூலையின் கதை தெரியாமல் இருக்காது. அவர்களுடைய கூலி ரன்னிங் அடிக்குப் பேசப்படுகிறது. நேராக ஓடும் இடத்தில் அடி அடியாக வேலை நகரும், காசும் நகரும். மூலையில் ஆழக் குழி எடுப்பது, காடி வெட்டுவது, இரண்டு முட்டு ஊன்றுவது எல்லாம் சேர்ந்து நேரத்தை விழுங்கும், அளவுநாடாவில் ஓர் அடிகூட ஏறாது. வேலி தாங்க வேண்டிய பாரம் முழுவதும் எங்கே விழுகிறதோ அந்த இடத்து வேலைக்குக் கூலி பூஜ்யம். இப்படிக் கணக்கு வைத்துவிட்டு மூலையில் அவசரம் காட்டினார்கள் என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கேட்டிலும் தாழ்ப்பாளிலும் இதே பிழைதான் வேறு உருவத்தில். 10 அடி அகலத்தில் 60 கிலோ இரும்புக் கேட், கீல்களுக்கு இடையே 4 அடி என்றால், மேல் கீலை 75 கிலோ இழுவை பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், கேட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும். எதிரே தாழ்ப்பாள் விழும் கல்லில் வேலிக் கம்பி வந்து முடிகிறது. முட்டு இல்லாத அந்தக் கல்லைக் கம்பி வாசலை விட்டு வெளிப்பக்கம் இழுக்கும். ஒரே ஒரு பாகை சாய்ந்தால் போதும், மூன்றரை அடி உயரத்தில் முக்கால் அங்குலம் விலகிவிடும். தாழ்ப்பாள் நாதாங்கிக்குள் போகும் நீளமே அவ்வளவுதான் இருக்கும். பிறகு பட்டறையில் தாழ்ப்பாளைக் குறை சொல்லி, நீளமாக இன்னொன்று பற்றவைக்கிறார்கள். மோட்டார் ரூம் மரக்கதவிலும் இதே கதை. ஆல்டிராப் கனமாகப் பார்த்து வாங்கி, அரை அங்குல ஸ்குரூவைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறார்கள். முன்துளை போட்டுத் திருகி ஏற்றினால்தான் மரை மரநாரைக் கவ்வும். அடித்து ஏற்றினால் நாரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும், வெறும் ஆணிபோல நிற்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே தொங்கவிட்டாலும், நெம்புகிறவன் பூட்டைத் தொட மாட்டான், ஸ்குரூவைத்தான் பிடுங்குவான். பட்டை அடித்து, கதவை ஊடுருவும் போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்கினால் அந்த வழி அடைபடும். ஆட்டுப்பட்டிக்கோ தூக்கிப் போடும் கொக்கி ஆகவே ஆகாது, மூஞ்சியால் முட்டியே ஆடு அதைக் கழற்றிவிடும். பக்கவாட்டில் இழுக்கும் தாழ்ப்பாள்தான் சரி.

திருடன் கட்டிங் பிளேயரோடு வந்தால் மூலையும் தாழ்ப்பாளும் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யாது, தடித்த கம்பியும் ஒன்றும் செய்யாது. ஆனால் இந்த வட்டாரத்து வேலிகள் முதன்மையாக ஆடுமாட்டுக்கும் எல்லைக்கும் போட்டவை. மாடு கம்பியை அறுப்பதில்லை, சாய்ந்து உரசும். ஆடு தினமும் இளகிய இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். செலவு கூடும் என்பது இன்னும் கனமான மறுப்பு. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. 8 அடிக்கு ஒரு கல் என்றால் 104 கல், 10 அடிக்கு என்றால் 84. நாலு மூலைக்கு எட்டு, கேட் கல் இரண்டுக்கு இரண்டு என்று வேண்டிய முட்டு 10தான். நடுவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் முட்டுக்கும் போக 10 கல் மிச்சம். இடைவெளி கூடினால் கம்பி இளகாதா என்றால், இளகும். இரண்டு கல்லுக்கு நடுவே இழைகளைச் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு கம்பி பின்னிவிட்டால் அது அடங்கும். மூலை உறுதியாக இருந்தால்தான் இந்தச் சிக்கனம் செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேசாமல் கிளுவைக்கே திரும்பலாமே என்பவர்களும் உண்டு. கிளுவையில் கல்லும் கம்பியும் கட்டும் ஒன்றே, ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டால் அதுவே தழைத்துக்கொள்ளும். மேய்ச்சல் காட்டுக்கு அதைவிட நல்ல வேலி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது அடர்ந்து வரச் சில ஆண்டுகள் வேண்டும், வெட்டிக் கட்ட ஆள் வேண்டும், பங்கு பிரிந்து சிறுத்த காடுகளில் அது எடுத்துக்கொள்ளும் அகலம் உறுத்தும். ஆகவே கம்பி வேலி வந்துகொண்டேதான் இருக்கும். மூலைக்கு இவ்வளவு, கேட்டுக்கு இவ்வளவு என்று கூலியைத் தனியாகக் கேட்கும் குழுக்களும் இருக்கின்றன. பேரத்தில் முதலில் அடிபடுவது அந்த இரண்டு தொகைகள்தான்.