வாசல் லைற்றும் உப்புக் காற்றும்

கடற்கரை ஊர்களுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு உதவும் என்று எனது அனுபவம் ஒன்றை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனல்ல. வட நோர்வேயில், பின்மார்க் கரையில் உள்ள மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன்.

இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழும்புவதில்லை. வாசல் லைற் எரியாவிட்டால் படியில் கிடக்கும் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது. 2019 இல் இந்த வீட்டுக்கு வந்தபோது மலிவாக ஒரு லைற் வாங்கினேன். பெட்டியில் 'ஐபி 65' என்று போட்டிருந்தது. தண்ணீர் உள்ளே போகாது என்றார்கள். நம்பினேன்.

அடுத்த மாரியில் ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்தபோது வீடு முழுவதும் இருட்டு. லைற்றுக்குள் தண்ணீர் போய் ரிப் சுவிச் விழுந்துவிட்டது. என் காலடிச் சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்து வெளியே வந்தார். அப்போது அவருக்கு ஏழாம் மாதம். படியில் சறுக்கி விழுந்துவிட்டார். "பிள்ளை அசையுது, நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

எலக்றீசியன் கழற்றித் தந்த லைற்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். இயந்திரம் திருத்தும் வயதான நோர்வேக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்குரூ ஆணிகள் கறள் பிடித்து, மூடி நெகிழ்ந்து, றப்பர் வளையம் விலகியிருந்தது.

"இலக்கம் பொய்யில்லை. ஆனால் அது தூசியையும் தண்ணீரையும்தான் சொல்லும். உப்பைப்பற்றி ஒன்றும் சொல்லாது" என்றார்.

அவரிடம் கற்றதைச் சொல்கிறேன். முதலில் ஆணியைப் பாருங்கள். எவர்சில்வரிலும் வகை உண்டு. ஏ2 என்ற வகை கடற்காற்றில் கறள் பிடிக்கும். மொலிப்டினம் கலந்த ஏ4 வகை, அதாவது 316, தாக்குப்பிடிக்கும். லைற்றின் உடம்பு 316 ஆகவோ, பித்தளையாகவோ இருந்தால் நல்லது. கையில் காசு குறைவென்றால், வெயிலுக்கு மஞ்சளாகாத தடித்த பிளாஸ்ரிக் போதும். அது கறள் பிடிக்காது. அலுமினியத்தில் எவர்சில்வர் ஆணியை நேரே முறுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் பிளாஸ்ரிக் வளையம் போட வேண்டும். 'சி5' என்று குறித்திருந்தால் அது உப்புக் காற்றுக்குத் தாங்கும் வகை.

இன்னொன்று. வீட்டு வயரில் நிரந்தரமாகப் பூட்டும் லைற்றை நாங்களே பூட்ட இங்கே சட்டம் விடாது. மலிவு லைற்றால் நான் எலக்றீசியனுக்கு இரண்டு தரம் காசு கொடுத்தேன். அந்தக் காசுக்கு முதலிலேயே நல்லதை வாங்கியிருக்கலாம்.

எந்த லைற் என்றாலும் உப்பைக் கழுவ வேண்டும். வடமராட்சியில் எங்கள் வீடும் கடற்கரையில்தான். அப்பா பின்னேரங்களில் சைக்கிளைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவார். அதைப் பார்த்து வளர்ந்த நான் இங்கே வந்து மறந்துபோனேன்.

இப்போது உறைபனி இல்லாத மாதங்களில் வாளியோடு வாசலுக்குப் போகிறேன். துணியைப் பிடித்துக்கொண்டு மகள் பின்னால் வருவாள். இரண்டாவதாகப் பூட்டிய லைற் இன்றும் எரிகிறது.