கடலில் விட்ட சேலை

தேவிபட்டினம் போயிருக்கிறீர்களோ? ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள்ளே ஒன்பது கற்கள். ராமபிரான் பிரதிஷ்டை செய்த நவக்கிரகங்கள் என்பது ஐதிகம். பாலத்தில் நடந்துபோய்ப் பிரதட்சிணம் செய்யலாம். கடலும் குளம் மாதிரி சாது!

அந்தச் சாதுவின் மடியில்தான், தோஷம் தொலையட்டும் என்று ஸ்நானம் செய்த துணியை விட்டுவிட்டு வருகிறார்கள். பாட்டி விட்ட பருத்திப் புடவை மக்கிப் போயிற்று. நாம் விடும் பாலியெஸ்டர் மக்குமா? தோஷம் போகிறதோ என்னவோ, சேலை போவதில்லை. கல்லிலும் வலையிலும் சுற்றிக்கொள்கிறது.

கந்தலுக்கும் நல்ல கதி உண்டு. இதே கிழக்குக் கரையில், வடக்கே ஆரோவில் பக்கம் பாருங்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து போனபின், மனமொடிந்திருந்த மீனவப் பெண்களுக்கு ‘உபாசனா’ என்ற ஆடை நிலையத்தார் ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். தையலில் மிஞ்சும் வெட்டுத் துணியில் விரலளவுப் பொம்மை, பெயர் சுனாமிகா. குடும்பம் நடத்தும் பெண்கள் மாணவிகளாக உட்கார்ந்தார்கள். பொம்மைக்கு விலை கிடையாது. பெற்றவர்கள் மனமுவந்து தரும் நன்கொடையிலிருந்தே பெண்களுக்குக் கூலி. லட்சக்கணக்கான சுனாமிகாக்கள் தேசம் தேசமாகப் போய்விட்டன!

தேவிபட்டினத்துப் பெண்களின் விரல்கள் மட்டும் சளைத்தவையா? சொல்லித்தர ஒருவர், கற்க நாலு பேர், உட்கார ஒரு திண்ணை போதும். “பரிகாரத் துணியை யார் தொடுவது?” என்று முகம் சுளிக்கிறீர்களா? வெந்நீரும் சோப்பும் வெயிலும் பட்டால் அதுவும் துணிதான். கிழித்துப் பின்னினால் கால்மிதி.

அதுவரை, யாத்திரை கிளம்பும்போது ஒரு மஞ்சள் பை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சேலையைப் பிழிந்து வீட்டுக்கே கொண்டுவரலாம்.