கல்யாண வீட்டில் ஏறிய இரண்டு கிலோ

கொஞ்சம் நீண்ட இழை இது. டீயோ பட்டர் டீயோ, எது உங்கள் கட்சியோ அதை ஊற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று ராத்திரி இன்பாக்ஸில் ஒரு சகோதரர் எழுதியிருந்தார்.

"டாக்டர், பேலியோ ஆரம்பிச்சு ரெண்டரை மாசம் ஆச்சு. 8 கிலோ குறைஞ்சேன். போன ஞாயித்துக்கிழமை மச்சினன் கல்யாணம். சாப்பிட்டுட்டேன். மறுநாள் காலைல மெஷின்ல ஏறிப் பார்த்தா 2 கிலோ கூடியிருக்கு. மனசே விட்டுப் போச்சு. எனக்கெல்லாம் இது ஒத்து வராது போல. விட்டுடலாம்னு இருக்கேன்."

இதே மெசேஜ் ஊரும் பேரும் மாறி மாதம் நாலைந்தாவது வருகிறது. அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதி விடுகிறேன்.

முதலில் கணக்கு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டும் என்றால் செலவுக்குப் போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 2 கிலோவுக்கு 15,400. காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு, பாயசம், மாமா வற்புறுத்தினார் என்று இரண்டாவது பாயசம், ராத்திரி பரோட்டா... எல்லாம் சேர்த்து அன்றைக்கு 4,000 கலோரி என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பு அன்றாடம் செலவழிப்பது 2,000. மிச்சம் 2,000. அத்தனையும் கொழுப்பாகவே மாறினாலும் கால் கிலோ தான் வரும்.

அப்போ மீதி ஒன்றே முக்கால் கிலோ என்ன?

பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தை கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற பெயரில் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். மொத்தம் ஒரு நானூறு, ஐந்நூறு கிராம். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லியை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு காலியாகிறது, கூடவே தண்ணீரும் கழிகிறது. முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்து "அடடா, அற்புதம்!" என்று துள்ளினீர்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர் தான். கல்யாண வீட்டில் அது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்பாரிலும் அப்பளத்திலும் ஊறுகாயிலும் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்தது. மூன்று நான்கு நாள் பழையபடி சாப்பிட்டால் போய்விடும்.

அவ்வளவு தான் சகோதரா. 2 கிலோவும் கொழுப்பு இல்லை. நீங்கள் தோற்கவும் இல்லை.

பதிவை இங்கேயே முடித்துக்கொண்டு லைக் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதே கணக்கு தெரிந்த எம்பிபிஎஸ் டாக்டர் ஒருவன் இதே கல்யாண வீட்டில் விழுந்து நாலு மாதம் எழுந்திருக்கவில்லை. அவன் கதையையும் சொல்ல வேண்டும். அவன் நான் தான்.

எனக்கு இப்போது 35 வயது. தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை. 31 வயதில் என் எடை 94 கிலோ. நைட் டூட்டி, நடுராத்திரி பரோட்டா சால்னா, விடியற்காலை டீயும் பிஸ்கட்டும். ஒருநாள் சும்மா பார்ப்போமே என்று ரத்தம் கொடுத்தேன். ஹெச்பிஏ1சி 6.2. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 வந்துவிட்டால் சர்க்கரை நோய். என் அப்பாவுக்கு சர்க்கரை. கிட்னி போய், கடைசி இரண்டு வருடம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கழித்தவர். அந்த 6.2ஐப் பார்த்த நிமிடம் எனக்கு அவருடைய கை தான் ஞாபகம் வந்தது. ஃபிஸ்டுலா போட்டு நரம்பு புடைத்த இடது கை.

பேலியோ ஆரம்பித்தேன். காலையில் முட்டை, மதியம் கறியோ மீனோ கூடவே காய், சாயங்காலம் பாதாம், ராத்திரி பனீர். (கற்கால மனிதன் எருமையைப் பிடித்துக் கட்டி பனீர் கிண்டினானா என்று கேட்காதீர்கள். ஈட்டனும் கானரும் 1985இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கற்கால உணவு பற்றி எழுதியதற்கும், நம்மூரில் பேலியோ என்று நாம் சாப்பிடுவதற்கும் தூரம் அதிகம். நம்முடையது மாவுச்சத்து குறைந்த உணவுமுறை. பெயர் மட்டும் பேலியோ.)

பத்து மாதத்தில் 78 கிலோ. ஹெச்பிஏ1சி 5.5. முன்னால் பின்னால் படம் போட்டேன். ஆயிரக்கணக்கில் லைக். அந்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லி விட வேண்டும். ஓபியில் உட்கார்ந்து "நானே குறைச்சிருக்கேன், உங்களுக்கு என்ன?" என்று பேஷண்டுகளிடம் கேட்டிருக்கிறேன்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், ஐம்பது வயது தாண்டிய பீடி சுற்றும் அம்மா. காலை முதல் மாலை வரை முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தே வேலை. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 280இல் வந்தவர். கிலோ எண்ணூறு, ஆயிரம் விற்கும் பாதாமை அவருக்கு எழுத முடியுமா? ரேஷன் அரிசிச் சோற்றைப் பாதியாக்கி, இரண்டு முட்டை, முருங்கைக் கீரை, மலிவாகக் கிடைக்கிற நாளில் சாளை மீன், பசித்தால் ஒரு கை அவித்த வேர்க்கடலை என்று சொன்னேன். (வேர்க்கடலை பருப்பு வகை, பேலியோவில் கிடையாது என்று கமெண்டில் அடிக்க வருவீர்கள். வாருங்கள்.) மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார். மூன்றே மாதத்தில் 150க்கு வந்துவிட்டார்.

நான்காம் மாதம் 240.

"என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஊர்ல கொடை சார். மக வந்திருந்தா. ஒரு வாரமா வீட்ல ஆளு. அப்படியே..."

அன்றைக்கு ஓபியில் நூற்றுக்கு மேல் கூட்டம். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழ நான் சொன்னேன்: "இப்படியே சாப்பிடுங்க, காலை எடுக்க வேண்டியதுதான். சொன்ன பேச்சைக் கேக்க முடியாதுன்னா என்கிட்ட வராதீங்க."

கண்டிப்பான டாக்டர் என்று பெயர் எடுத்தவர்கள் இப்படித்தானே பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கடுத்த மாதம் என் மாமா பெண் கல்யாணம். காலையில் கேசரி. "ஒரு வாய் தான்டா" என்று அத்தை ஊட்டியே விட்டார். மதியம் இலை. மறுநாள் காலை மெஷினில் 2 கிலோ. கிளைகோஜன், தண்ணீர், உப்பு எல்லாம் நான் படித்துப் பரீட்சை எழுதிய பாடம். ஆனால் மெஷின் மேல் நிற்கும்போது எதுவும் ஞாபகம் வரவில்லை. "போச்சு" என்ற ஒரே வார்த்தை தான் வந்தது. போனது போச்சு, இன்றைக்கு ஒருநாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு திங்கட்கிழமை ஆரம்பிப்போம் என்று பிரியாணிக் கடைக்குப் போனேன்.

அந்தத் திங்கட்கிழமை வர நாலு மாதம் ஆனது.

9 கிலோ திரும்ப ஏறியது. அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி லேப் என் ஓபி அறையிலிருந்து இருபது அடி. லேப் டெக்னீஷியன் தினமும் என்னோடு டீ குடிப்பவர். அந்த நாலு மாதத்தில் ஒரு தடவை கூட நான் ரத்தம் கொடுக்கவில்லை. கேட்டால் "டைம் இல்ல" என்பேன். நேரம் இருந்தது. நம்பரைப் பார்க்கக் கூச்சம். முன்னால் பின்னால் படத்தையும் அழித்துவிட்டேன், யாராவது "இப்ப எவ்ளோ டாக்டர்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று.

அந்த நாலாவது மாதக் கடைசியில் பீடி அம்மா வந்தார். தானாக வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷரும் சுகரும் பார்க்கும் பணியாளர் சகோதரி, அவருடைய காலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துக் கையோடு கூட்டி வந்தார். வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சர்க்கரை 390. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல்.

"ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"நீங்கதான சார் வராதீங்கன்னு சொன்னிய."

கோபமே இல்லை அந்தக் குரலில். டாக்டர் சொன்னார், நான் கேட்டேன் என்கிற மாதிரி சொன்னார்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

கொடையில் சாப்பிட்ட சோறு அந்த விரல்களை எடுக்கவில்லை. ஒரு வாரச் சோற்றை அந்த உடம்பு தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு வராமல் இருந்த மாதங்கள் எடுத்தன. அந்த மாதங்களில் என் பங்கு உண்டு. அன்று சாயங்காலம் லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன். 6.3.

மறுநாள் காலை மூன்று முட்டை சாப்பிட்டேன். அது திங்கட்கிழமை இல்லை, வியாழக்கிழமை.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

"டாக்டர், மோட்டிவேஷன் எப்படி வர வைக்கிறது?" என்று தான் எல்லோரும் கேட்கிறீர்கள். உண்மையில் முதல் ஒரு மாதம் அது தானாக இருக்கும். பேண்ட் லூசாகும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், குஷியாக இருக்கும். மூன்றாவது மாதம் எடை அசையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் பழகிப்போயிருக்கும். வீட்டில் தோசை வார்க்கும் வாசனை மட்டும் பழகவே பழகாது. அந்த நேரத்தில் உற்சாகத்தை நம்பி உட்கார முடியாது. சாப்பிட்டுவிட்ட மறுவேளை என்ன செய்வேன் என்று முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. எதைச் சாப்பிட்டிருந்தாலும் அடுத்த வேளை முட்டை. நாளை கூட இல்லை, அடுத்த வேளை. அதற்காகவே வீட்டில் எப்போதும் பத்து முட்டை இருக்கும்.

விரதம் இருந்து ஈடு கட்டுகிறேன், இரண்டு மணி நேரம் ஓடுகிறேன் என்று தண்டனை கொடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டனைக்குப் பயந்தே அடுத்த முறை மறைப்பீர்கள், உங்களிடமே மறைப்பீர்கள்.

விசேஷம் முடிந்து ஐந்து நாளைக்கு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி விடுங்கள். மாதம் ஒருமுறை வயிற்றை டேப் வைத்து அளந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அது இரண்டு மூன்று மாத சராசரியைச் சொல்லும். ஒருநாள் பாயசம் அதில் தெரியவே தெரியாது. தொண்ணூறு நாள் ஒளிந்திருந்தால் தெரியும்.

'சீட்டிங்' என்ற வார்த்தை எனக்குப் பிடிப்பதில்லை. தங்கச்சி கல்யாணத்தில் ஒரு லட்டு சாப்பிட்டதில் யாரை ஏமாற்றினீர்கள்? தான்சானியாவில் இன்றைக்கும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்கள் இருக்கிறார்கள். தேன் கிடைக்கும் பருவத்தில் தேனை வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது அந்தப் பருவத்துச் சாப்பாடு.

இதைப் படித்துவிட்டு "டாக்டரே சொல்லிட்டார்" என்று தினமும் பாயசம் குடிப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் ஒரு நிமிடம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். அளவைக் குறைக்க வேண்டியது உங்கள் டாக்டர். டாபாகுளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால், மீட்டரில் சர்க்கரை அதிகம் காட்டாமலேயே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு தலை சுற்றலாம். முதல் வகை சர்க்கரை, கிட்னி பிரச்சினை, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் யாரும் இணையத்தைப் பார்த்து ஆரம்பிக்கக் கூடாது, என் பதிவைப் பார்த்தும் கூடாது. மூன்று மாதத்தில் கொலஸ்டிரால் பாருங்கள். சிலருக்கு எல்டிஎல் நன்றாகவே ஏறுகிறது. "பேலியோவில் அப்படித்தான் ஏறும், கண்டுக்காதீங்க" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முக்கியமாக, தவறிய மாதத்தில் தான் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது வேறு டாக்டரிடம் போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பீடி அம்மா இப்போது மாதம் தவறாமல் வருகிறார். ஸ்டூலில் உட்காரும் முன்பே, "சார், நேத்து பேரன் பொறந்தநாளு, கேக்கு ஒரு துண்டு தின்னுட்டேன்" என்று ஆரம்பிப்பார். போன மாதம் 158. விரல் இல்லாத காலுக்கு ஏற்ற செருப்பு போட்டிருக்கிறார். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "அத விடுங்க சார், மாத்திரை எழுதுங்க" என்றார்.

எனக்கு எடை இன்று காலை 81. அடுத்த ஹெச்பிஏ1சி வரும் சனிக்கிழமை. போன வாரம் நண்பன் வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்தில் மூன்று பூரியும் ஒரு குலாப் ஜாமூனும் உள்ளே போயிருக்கின்றன. சனிக்கிழமை காலை ரத்தம் கொடுத்துவிட்டு நம்பரை இங்கேயே போடுகிறேன். சகோதரா, நீங்களும் உங்கள் நம்பரைப் போடுங்கள்.